காசிற் கண்ட திருமகள்

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் கடைதோறும் கண்ணாடியிட்டு மாட்டப்பெற்ற திருமகள் படங்களைக் காணலாம். அப்படத்தின் பழைய உறவொன்று இந்நாட்டு மண்ணிலேயே புதைந்து கிடந்தது. இலக்குமித் தகடுகள் எனப்படும் நீள்சதுரக் காசுகள் கந்தரோடையிலும் இலங்கையின் வேறு பல இடங்களிலும் கிடைத்துள்ளன. அவை கிறித்து ஆண்டுத் தொடக்கத்தை ஒட்டிய நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை. தாமரைமீது நேர்முகமாக நிற்கின்றாள் திருமகள். இரு கைகளும் தாமரைத் தண்டுகளைப் பற்றியுள்ளன. இருமருங்கும் யானைகள் நீராட்டுகின்றன. மறுபுறத்தே சுவத்திகம். பரப்போ மிகச் சிறிது. ஆதலின் வேண்டாதன யாவும் நீங்கின. அடையாளம் மட்டுமே எஞ்சிற்று.

பழங்காசிலிருந்து கடவுளரை மீட்ட வரலாறு ஐரோப்பாவிலும் உண்டு. உரோமக் காசுகளைத் திரட்டிய பெத்திராக் 1354இல் அவற்றுட் சிலவற்றை நான்காம் சாள்சு மன்னனுக்கு வழங்கினார். பார்மா நகரத்து எனேயா வீக்கோ 1555இல் காசுகளைப் பற்றி நூலொன்று வெளியிட்டார்; காசுருவங்களைச் செப்புத் தகட்டிற் செதுக்கி அச்சிடவுஞ் செய்தார். அவருக்குக் காசே சான்று. இராபாயேலின் வரைவுகளைச் செதுக்கிய மார்க்கந்தோனியோவின் தெய்வங்களிலோ உடற்கட்டின் அழகே மேலோங்கி நிற்கும். எனினும் அவை அந்நாளில் வழிபடுவாரற்ற தெய்வங்கள். ஓர் அடையாளம் பிழைத்தால் அறிஞரே வருந்துவர்.

நம்மவர் நிலை வேறு. இரவிவர்மா 1894இல் பம்பாயிற் கல்லச்சுக்கூடம் நிறுவினார். அங்கிருந்து வெளிவந்த திருமகளுக்கு வீடுதோறும் விளக்கேற்றப்பட்டது. அவரது ஓவியங்களில் நாடகமேடைப் பாங்கே மிகுந்துள்ளதெனவும் இந்திய உணர்வு குன்றியுள்ளதெனவும் கடிந்தவர், 1877இற் கொழும்பிற் பிறந்த ஆனந்த குமாரசுவாமி. கண்டனம் கடுமையானதே, ஆயினும் முற்றிலும் பிழையன்று. அதனைப் பொதுப்படக் கூறுவதினும் காசையும் படத்தையும் அருகருகே வைத்து நோக்குதல் நன்று.

தாமரை இரண்டிலும் உண்டு. நேர்நிலையும் பெரிதும் மாறவில்லை. மாறியது யானை. காசில் யானைகள் நீர் சொரிகின்றன. அந்நீரே மழை, மழையே விளைவு, விளைவே திரு. இரவிவர்மாவின் படத்திலோ யானையொன்று பொய்கையில் நின்று மாலையேந்துகின்றது. நீராட்டு மறைந்தது, இயற்கைக் காட்சியொன்று கிடைத்தது. யானை நன்றாகத்தான் வரையப்பட்டுள்ளது. ஆனால் அஃது இப்பொழுது வெறும் யானை. மேலைநாட்டு எண்ணெய் வண்ணத்தின் ஒளியும் நிழலும் கைவந்த ஓவியர்க்கு வெற்றிடம் பொறுக்கவில்லை போலும். முகத்தின் கனிவு அவர் தந்த கொடை; அதனை மறுப்பது நன்றியின்மையாகும். மக்கள் அம்முகத்தையே திருமகளின் முகமாகக் கொண்டனர்.

பின்வந்த சிவகாசி நாட்காட்டிப் படங்கள் பலவற்றில் இரு யானைகளும் குடங்களுடன் மீண்டுள்ளன. ஒன்று புதிது: திருமகளின் கையிலிருந்து காசுகள் சொரிகின்றன. ஒருகாற் காசின்மீது அவள் நின்றாள். இக்காசுகளோ பெரும்பாலும் உருவேதுமற்ற மஞ்சள் வட்டங்களே.