பட்டியலில் ஏறிய ஐந்து பெயர்கள்

எபிரேய வேதத்தின் வம்சப் பட்டியல்களைப் பலரும் தாண்டிப் போய்விடுவார்கள். நாளாகமம் முதல் புத்தகத்தில் முதல் ஒன்பது அதிகாரங்களும் பெரும்பாலும் பெயர்கள்தாம். நான் அவற்றை நிலப் பத்திரம் படிப்பதுபோலப் படிக்கிறேன். யாருக்கு யார் பிறந்தார் என்பதற்குப் பின்னால், யாருடைய பங்கு யாருக்குப் போகும் என்ற கணக்கு இருக்கிறது. ஆதியாகமம் 5ஆம் அதிகாரத்தில் தலைமுறைக்கு ஒரு மகன் பெயர் பெறுகிறான். மகள்களில் ஒருத்திக்கும் பெயர் இல்லை. பெற்றவள் கண்ணிலேயே படுவதில்லை.

எண்ணாகமத்தில் இந்த வரிசை உடைகிறது. மக்லாள், நோவாள், ஒக்லாள், மில்காள், திர்சாள் என ஐந்து சகோதரிகள். ஆண்பிள்ளை இல்லாமல் இறந்த செலொப்பியாத்தின் மகள்கள். 27ஆம் அதிகாரத்தில் மோசேயின் முன் சபையறிய நின்று தகப்பன் பங்கைக் கேட்கிறார்கள், கிடைக்கிறது. பெண்ணுரிமையின் வெற்றியாக இதைக் கொண்டாடுவோர் 36ஆம் அதிகாரத்தையும் சேர்த்துப் படிக்க வேண்டும். நிலம் வேறு கோத்திரத்துக்குப் போய்விடும் என்று குலத்து ஆண்கள் முறையிட, தகப்பன் கோத்திரத்துக்குள்ளேயே மணக்க வேண்டும் என்று கட்டளை வருகிறது. ஐவரும் சித்தப்பா பெரியப்பா மகன்களை மணக்கிறார்கள். தகப்பன் பெயர் அழியக்கூடாது என்பதுதான் அவர்கள் முன்வைத்த வாதம். அந்த வாதமே அவர்களைக் கட்டிப்போட்டது.

கொங்கு நாட்டுப் பெண்ணுக்கு இது அந்நியக் கதை அல்ல. ஆந்தை, கண்ணன், பயிரன், தூரன் என்று கூட்டம் சொல்லித்தான் வெள்ளாளக் கவுண்டர்கள் பங்காளி யார், மாமன் மச்சான் யார் என்று பிரிக்கிறார்கள். கூட்டம் தகப்பன் வழி வருவது. ஒரே கூட்டத்துக்குள் கல்யாணம் கிடையாது. அங்கே நிலம் வெளியே போகாதிருக்கப் பெண்ணை உள்ளே நிறுத்தினார்கள். இங்கே பெண்ணை அனுப்பிவிட்டு நிலத்தை நிறுத்திக்கொள்கிறார்கள்.

1989இல் தமிழ்நாட்டுச் சட்டத்திருத்தம் பூர்வீகச் சொத்தில் மகளுக்குச் சம பங்கு தந்தது. ஆனால் அந்த ஆண்டு மார்ச் 25க்கு முன்பே மணமானவளை ஒதுக்கியது. இங்கேயும் எல்லைக்கோடு கல்யாணம்தான். 2005இன் மத்தியத் திருத்தம் அந்தக் கோட்டை அழித்தது. இப்போது வாரிசுச் சான்றிதழில் மகள் பெயர் ஏறுகிறது. அடுத்து வருவது விடுதலைப் பத்திரம். 'சீர்தான் செஞ்சாச்சே கண்ணு' என்ற ஒரு சொல்லில் கையெழுத்து வாங்கப்படுகிறது. பெயர் ஏறியதே விலகிக்கொள்ளத்தான் என்றால், அது பட்டியலில் இருந்து என்ன பயன்?

யோசுவா 17இல் அந்த ஐவரும் திரும்ப வருகிறார்கள். தீர்ப்பு ஏற்கெனவே இருந்தது; ஆனாலும் நேரில் போய் நினைவூட்டிய பிறகே பங்கு கைக்கு வந்தது. மாணவிகள் கவனிக்க வேண்டிய இடம் இதுதான். நீட்டப்படும் பத்திரத்தை வாசித்துப் பார்க்காமல் கையெழுத்திட வேண்டாம்.