மிதக்கும் புரதமும் கட்டுண்ட கால்வாயும்

1972இல் சிங்கர், நிக்கல்சன் ஆகியோர் முன்வைத்த பாய்ம சித்திரவடிவ மாதிரியுரு, கலமென்சவ்வு அசைவற்ற அடுக்கு என்ற பழைய கருத்தைத் தகர்த்தது. அதன் பெறுமதியை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆயின், பாடநூல்கள் அதனை எளிமைப்படுத்தி எடுத்தாளும் முறை எமக்கு உடன்பாடானதன்று. புரதங்கள் யாவும் எதனோடும் பிணைப்பின்றிக் கொழுப்பில் மிதக்கும் தனியன்கள் என்ற மயக்கத்தையே அது மாணவரிடையே தோற்றுவிக்கின்றது.

உண்மை வேறு. அங்கிரின் என்னும் புரதம், ஒருபுறம் சோடியம் கால்வாயையும் மறுபுறம் ஸ்பெக்ட்ரின் வழியாகக் குழியவன்கூட்டையும் பற்றி நிற்கின்றது. நரம்புக்கலத்தின் நீள்முளை தொடங்குமிடத்திலேயே கணத்தாக்கம் எழுகின்றது. அங்கிரின்-ஜி இன்றேல் அங்கு இக்கால்வாய்கள் செறிவதில்லை.

புருகடா நோய் பற்றி 2004இல் வெளிவந்த ஆய்வு இதற்குத் தக்க சான்றாகும். நோயாளி ஒருவரின் இதயச் சோடியம் கால்வாயில், 1053ஆம் இடத்துக் குளூட்டாமிக் அமிலம் இலைசினாக மாறியிருந்தது. அவ்வொரு மாற்றத்தால் அங்கிரின்-ஜியுடனான பிணைப்பு அற்றது. இதயத்தசைக் கலங்களில் கால்வாய் மேற்பரப்பைச் சென்றடையவில்லை.

அயனைக் கடத்தும் துவாரத்தை மட்டும் தனித்து நோக்குவோர் இக்காரணத்தைக் காணார். உறுப்பை அதன் அமைப்பினின்றும் பிரித்து விளக்கும் நோக்கின் வறுமை இது. மிதத்தலோடு பிணைப்பையும் காட்டும் படமே எமது வகுப்பறைகளுக்கு வேண்டற்பாலது.