வாத்தியார் ஜாய்ஸ்

எழுதுகிறவன் வேறு வேலை பார்க்கக் கூடாது, பார்த்தால் எழுத்து கெட்டுவிடும் என்று சொல்கிற கட்சி ஒன்று உண்டு. நானும் பல வருஷங்கள் அந்தக் கட்சியில்தான் இருந்தேன். சாயங்காலமெல்லாம் பிள்ளைகளுக்கு டியூஷன் சொல்லிவிட்டு ராத்திரி எழுத உட்காரும்போது, பொழுது வீணாகப் போயிற்றே என்று அலுத்துக்கொள்வேன். ஜேம்ஸ் ஜாய்ஸின் டிரியஸ்ட் வாழ்க்கையைப் பற்றிப் படித்த பிறகு கட்சி மாறிவிட்டேன். முழு மனத்தோடு மாறினேனா என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

1904 அக்டோபரில், 22 வயதில், நோரா பார்னக்கிளை அழைத்துக்கொண்டு ஜாய்ஸ் டப்ளினை விட்டுக் கிளம்பினார். ஜூரிச்சில் பெர்லிட்ஸ் மொழிப் பள்ளியில் வேலை காத்திருக்கிறது என்று நம்பிப் போனார். அங்கே வேலை இல்லை. கொஞ்ச நாள் போலாவில் இருந்துவிட்டு 1905-ல் டிரியஸ்ட்டுக்கு வந்து சேர்ந்தார். இன்று இத்தாலியில் இருக்கும் அந்த ஊர் அப்போது ஆஸ்திரியப் பேரரசின் துறைமுகம். இத்தாலியன், ஜெர்மன், ஸ்லோவேனியன் எல்லாம் தெருவில் கேட்கும். வந்த இடத்துப் பேச்சு வீட்டுக்குள்ளும் புகுந்தது. அவர் குழந்தைகளோடு பேசியதுகூட டிரியஸ்ட் இத்தாலியனில்தான்.

பெர்லிட்ஸ் முறையில் மொழிபெயர்ப்புக்கு இடமில்லை. ஆங்கிலம் கற்பிக்கிறவர் ஆங்கிலத்திலேயே பேச வேண்டும். பென்சிலைக் காட்டி, இது என்ன என்று கேட்க வேண்டும். பென்சில் என்று பதில் வரும். இது சிவப்பா, இல்லை, பின் என்ன நிறம் என்று பாடம் நகரும். இதைத் தினமும் செய்கிறவனுக்கு ஒன்று நேர்ந்துவிடுகிறது. பிறந்தது முதல் பேசிவந்த வார்த்தைகளை, அவற்றை முதல்முறையாகக் கேட்கிறவனின் காதால் அவனும் கேட்கத் தொடங்குகிறான். ‘யூலிஸிஸ்’ நாவலின் பதினேழாவது அத்தியாயம் முழுவதும் கேள்வியும் பதிலுமாகவே போகிறது. கிறிஸ்தவப் பள்ளிகளின் வினாவிடைப் புத்தகத்திலிருந்து வந்த முறை என்பார்கள். சரிதான். ஆனால் குழாய்த் தண்ணீரையும் அலமாரிச் சாமான்களையும்கூட விடாமல் கேட்டு விளக்கும் அந்தப் பொறுமையில் எனக்குப் பெர்லிட்ஸ் வகுப்பின் வாசனையும் அடிக்கிறது.

வாத்தியார் வேலை அவருக்கு ஒரு வாசகரையும் தேடிக் கொடுத்தது. கப்பல்களுக்கான பெயின்ட் வியாபாரக் குடும்பத்தைச் சேர்ந்த எத்தோரே ஷ்மிட்ஸ் அவரிடம் தனியாக ஆங்கிலம் கற்றார். ஜாய்ஸைவிட இருபது வயது மூத்தவர். இத்தாலோ ஸ்வேவோ என்ற பெயரில் 1892-லும் 1898-லும் இரண்டு நாவல்கள் எழுதி, யாரும் சீந்தாததால் மனம் விட்டுப்போனவர். அந்த நாவல்களைப் படித்த வாத்தியார் மனதாரப் பாராட்டினார். ஜாய்ஸும் தம் நாவலைப் பாதியில் போட்டுவிட்டுச் சோர்ந்திருந்த காலம் அது. எழுதியிருந்த அத்தியாயங்களை மாணவரிடம் கொடுத்தார். 1909 பிப்ரவரியில் ஸ்வேவோ எழுதிய கடிதம் அவரை மறுபடி எழுத உட்கார வைத்தது. பின்னால் ஸ்வேவோவின் 1923-ஆம் வருஷத்து நாவலைப் பாரிஸில் விமரிசகர்கள் கண்ணில் படும்படி செய்தவர் ஜாய்ஸ். இதில் யார் வாத்தியார், யார் மாணவர்?

இந்த வாத்தியாருக்குச் சினிமாப் பைத்தியமும் இருந்தது. டிரியஸ்ட்டில் சினிமாக் கொட்டகைகள் பல இருக்க, டப்ளினில் ஒன்றுகூட நிரந்தரமாக இல்லையே என்று அவர் தங்கை சொன்னாளாம். அதைப் பிடித்துக்கொண்டு, கொட்டகை நடத்திவந்த டிரியஸ்ட் வியாபாரிகளைச் சம்மதிக்க வைத்து, 1909 டிசம்பர் 20-ஆம் தேதி டப்ளின் மேரி தெருவில் ‘வோல்டா’ என்ற கொட்டகையைத் திறந்துவிட்டார். காட்டியவை பெரும்பாலும் இத்தாலி முதலான ஐரோப்பிய நாட்டுப் படங்கள். ஜனவரியில் ஜாய்ஸ் டிரியஸ்ட்டுக்குத் திரும்பிவிட்டார். கூட்டம் சேரவில்லை. 1910-லேயே கொட்டகையை நஷ்டத்துக்கு விற்றார்கள்.

இந்தக் கொட்டகையிலிருந்துதான் ‘யூலிஸிஸ்’ பிறந்தது என்று நான் சொல்லமாட்டேன். சில வாரம் கொட்டகை நடத்தியதால் யாருக்கும் நாவல் எழுத வந்துவிடாது. ஆனால் அதன் பத்தாவது அத்தியாயத்தைப் பாருங்கள். பிற்பகல் ஒரு மணி நேரம்; பத்தொன்பது துண்டுகள்; டப்ளினின் பல தெருக்களில் ஒரே சமயத்தில் நடப்பவை ஒன்றுக்குள் ஒன்று வெட்டி வெட்டி வருகின்றன. படம் பார்த்துப் பழகிய கண் இது. 1929-ல் ருஷ்யப் பட மேதை ஐசன்ஸ்டைன், பார்வை மங்கிப்போயிருந்த ஜாய்ஸைப் பாரிஸில் தேடிப்போய்ச் சந்தித்ததில் எனக்கு ஆச்சரியம் இல்லை. தம் ஊருக்கு வெளியுலகைக் காட்டப் போய்த் தோற்றவர், வெளியூரில் உட்கார்ந்து தம் ஊரை உலகத்துக்கே காட்டிவிட்டார்.

ஆகவே அவருடைய வயிற்றுப்பாட்டு வேலையும் விளையாட்டுப் பித்தும் வீண்போகவில்லை. இதுவரை கட்சி மாறியவனாகத்தான் பேசினேன். இனிமேல் என் தயக்கத்தைச் சொல்ல வேண்டும்.

1905-ல் அண்ணன் கூப்பிட்டான் என்று தம்பி ஸ்டானிஸ்லாஸ் டிரியஸ்ட்டுக்கு வந்தான். அதே பள்ளியில் பாடம் சொன்னான். அவன் சம்பளத்தில் அண்ணன் வீட்டு வாடகையும் கடனும் அடைந்தன. குடித்துவிட்டு வருகிற அண்ணனைத் தேடிப்போய் அழைத்துவந்தவனும் அவன்தான். 1915-ல் ஆஸ்திரிய அரசு அவனைப் பிடித்து முகாமில் அடைத்தது. அதே வருஷம் அண்ணன் குடும்பத்தோடு ஜூரிச் போய்ச் சேர்ந்தார். வாத்தியார் வேலை ஜாய்ஸின் எழுத்தைக் கெடுக்கவில்லை என்று நாம் சுலபமாகச் சொல்லிவிடலாம். அந்த வேலையின் பளுவில் பாதியைத் தாங்கியவன் வேறொருவன் என்பதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

‘யூலிஸிஸ்’ முடிந்த இடத்தில், எழுதிய ஊர்களாக டிரியஸ்ட், ஜூரிச், பாரிஸ் மூன்றையும் ஜாய்ஸ் குறித்திருக்கிறார். தம்பி பெயர் அங்கே இல்லை. ஸ்டானிஸ்லாஸ் டிரியஸ்ட்டிலேயே இருந்து, ஆங்கிலம் கற்பித்தே வாழ்ந்து, 1955-ல் இறந்தார். ஜூன் 16-ஆம் தேதி. அண்ணனுடைய நாவல் முழுவதும் நடக்கிற தேதி அது.