தானியம் போதும் என்ற பிறகும் ஏன் திரும்பினான்?

'எ பக்ஸ் லைஃப்' படத்தைப் பற்றி யார் பேசினாலும் கடைசி மோதலில்தான் போய் நிற்கிறார்கள். எறும்புகள் கைகோத்து முன்னேற, வெட்டுக்கிளிகள் சிதறி ஓடும் காட்சி எனக்கும் பிடிக்கும். ஆனால் 1998-ல் பிக்ஸார் தந்த அந்த ஆட்டத்தின் போக்கு முடிவானது அங்கே அல்ல. அதற்கு வெகு முன்பே, ஒரு மெக்சிகன் தொப்பிக்கு அடியில் நடக்கும் மதுக்கடையில், வெட்டுக்கிளித் தலைவன் எடுத்த முடிவில்தான். அதை வெறும் கொடூரம் என்று ஒதுக்குகிறவர்கள் அவனைக் குறைத்து எடைபோடுகிறார்கள்.

காட்சியை இன்னொரு முறை போட்டுப் பாருங்கள். கூட்டாளிகள் தலைவனின் தம்பியைத் தூண்டிவிடுகிறார்கள். இங்கேயே தின்று தீராத அளவுக்கு இருக்கிறதே, அந்த எறும்புத் தீவுக்கு எதற்குத் திரும்பிப் போக வேண்டும் என்று அவனும் கேட்கிறான். நியாயமான கேள்வி. தலைவன் ஒரு தானிய மணியை எடுத்துத் தூண்டிவிட்டவன்மீது எறிந்து, வலித்ததா என்கிறான். இல்லை என்று சிரிப்பு. இன்னொரு மணி. அதற்கும் சிரிப்பு. அடுத்து தானியம் நிரம்பிய பாட்டிலைத் திறந்துவிடுகிறான். சிரித்தவர்கள் குவியலுக்கு அடியில் போய்விடுகிறார்கள். எறும்புகள் நம்மைவிட நூறு மடங்கு, அது அவற்றுக்குத் தெரிந்துவிட்டால் நம் பிழைப்பு முடிந்தது என்பது அவன் கணக்கு.

அவன் திரும்பிப் போவது சாப்பாட்டுக்காக அல்ல. எதிர்த்துப் பேசிய ஒரே ஒரு எறும்பு, புதுக் கருவிகள் செய்து பார்க்கும் ஒரு கண்டுபிடிப்பாளன், அவன் மனதில் உறுத்துகிறது. உடைமையைவிட அதிகாரமே வர்க்க மோதலின் வேர் என்று ரால்ஃப் டாரன்டார்ஃப் 1950-களின் இறுதியில் வாதிட்டார். அந்த வாதத்துக்கு இதைவிடத் தெளிவான காட்சியை நான் பார்த்ததில்லை. வயிறு நிறைந்த பிறகும் ஒருவன் வசூலுக்குக் கிளம்புகிறான் என்றால், அவன் காப்பாற்றப் போவது கட்டளையிடும் இடத்தைத்தான்.

எதிரணியையும் பார்க்க வேண்டும். படத்தின் தொடக்கத்தில் எறும்புகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தானியம் சுமந்து போகின்றன. நடுவில் ஓர் இலை விழுகிறது. அதன் பின்னால் நின்ற எறும்பு வழி தெரியாமல் அலறுகிறது. சுற்றிப் போகலாம் என்று ஒருவர் வந்து கைகாட்ட வேண்டியிருக்கிறது. முன்னால் போகிறவனின் முதுகு மட்டுமே தெரிந்த கூட்டம் அது. வெட்டுக்கிளிகளுக்காகச் சேர்த்த காணிக்கை தண்ணீரில் கவிழ்ந்ததும் அத்தனை பேரும் தங்களில் ஒருவனைத்தான் திட்டுகிறார்கள். பறிக்க வருகிறவனை யாரும் திட்டவில்லை. ஒரே நிலையில் இருப்பதால் மட்டும் ஒரு கூட்டம் தனக்கான வர்க்கமாகிவிடாது, போராட்டத்தில்தான் அப்படி ஆகிறது என்று மார்க்ஸ் 1847-லேயே 'தத்துவத்தின் வறுமை'யில் எழுதினார்.

கடைசி மோதலில் மாறியது வீரம் அல்ல, நிற்கும் விதம். ஒருவர் பின் ஒருவராக நின்றவர்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்கள். கபடியில் பாடி வருகிறவர் தனி ஆள். எதிரே ஏழு பேர் இருந்தாலும், சங்கிலி போடாதவரை அவர்தான் ராஜா. தலைவன் படம் முழுக்கச் செய்தது அந்தச் சங்கிலி விழாமல் பார்த்துக்கொண்டதுதான். சின்னஞ்சிறு இளவரசியை முரட்டு வெட்டுக்கிளியிடம் தள்ளிவிடுவதாக மிரட்டுவது, அந்தக் கண்டுபிடிப்பாளன் எறும்பை எல்லோர் முன்னாலும் அடித்துப் போடுவது எல்லாம் அதற்காகத்தான். அந்த அடியிலிருந்து எழுந்து, உணவைச் சேர்ப்பவர்கள் நாங்கள், நீங்கள்தான் எங்களை நம்பி இருக்கிறீர்கள் என்று எறும்பு சொன்ன நொடியில் அவனுடைய ஆட்டம் முடிந்தது. பறவைக் குஞ்சுகளின் வாயில் போய் விழுந்தது பின்னால் நடந்த சடங்கு.

நான் எறும்புகள் கட்சி. அதை மறைக்க மாட்டேன். அதனாலேயே அவற்றின் அடுத்த பருவம் எனக்குக் கவலை தருகிறது. மூத்த ராணி விலகுகிறார், அக்கா இளவரசி முடிசூடுகிறார், கண்டுபிடிப்பாளன் செய்த அறுவடைக் கருவி எல்லோர் கைக்கும் வருகிறது. சுமப்பவர்கள் சுமப்பவர்களாகவே இருக்கிறார்கள். ஒரு நாள் வேலை பாதி நாளில் முடிந்தால் மீதிப் பொழுது யாருடையது? அடுத்த மோதல் இந்தக் கேள்வியில்தான் வெடிக்கும் என்பது என் கணிப்பு. எதிரி வெளியிலிருந்துதான் வர வேண்டும் என்பதில்லை. அதே 1998-ல், சில வாரம் முந்தி வந்த 'ஆன்ட்ஸ்' படத்தில் எதிரி புற்றுக்குள்ளேயே இருந்தான்: தொழிலாளி எறும்புகளை மூழ்கடிக்கத் திட்டமிடும் தளபதி.

இனி வரும் அனிமேஷன் படங்களின் வில்லன்கள் வெளியிலிருந்து பறந்துவந்து மிரட்ட மாட்டார்கள் என்றும் நினைக்கிறேன். புற்றுக்குள் நாலு பேரைப் பிடித்து மேற்பார்வை கொடுப்பார்கள்; கருவிகளின் சாவியைத் தங்களிடம் வைத்துக்கொள்வார்கள். அப்போது சுமக்கும் எறும்புகள் மறுபடி தோளோடு தோள் நிற்கப் படித்தாக வேண்டும், இந்த முறை தங்கள் ராணியின் முன்னால். அவை நிற்கும் என்றே நான் பந்தயம் கட்டுவேன்.