மெய்ப்பாட்டு நோக்கில் ‘லயன் கிங்’: அசைவூட்டப் படமும் (1994) மீளுருவாக்கமும் (2019)

ஆய்வுச் சுருக்கம்

வால்ட் டிஸ்னி நிறுவனம் தன் புகழ்பெற்ற அசைவூட்டப் படங்களை நடப்பியல் தோற்றத்தில் மீண்டும் உருவாக்கி வருகிறது. அவற்றுள் ‘லயன் கிங்’ படத்தின் இரு வடிவங்களையும் தொல்காப்பிய மெய்ப்பாட்டுக் கோட்பாட்டின் துணையுடன் இக்கட்டுரை ஒப்பிடுகிறது. தோற்றத்தின் மெய்ம்மை கூடும்போது உணர்வின் மெய்ப்பாடும் கூடும் என்னும் எண்ணம் பொருந்துமா என்பதே ஆய்வு வினா.

திறவுச்சொற்கள்: அசைவூட்டம், மீளுருவாக்கம், மெய்ப்பாடு, கருப்பொருள், உரிப்பொருள்.

முன்னுரை

ரோஜர் ஆலர்ஸ், ராப் மின்காஃப் இயக்கிய 1994ஆம் ஆண்டுப் படம் 88 நிமிடங்கள் ஓடுவது. ஜான் ஃபாவ்ரோ இயக்கிய 2019ஆம் ஆண்டுப் படம் 118 நிமிடங்கள் ஓடுவது. கதைப்போக்கு பெரும்பாலும் ஒன்றே. ஆதலின் வேறுபாட்டைக் கதையில் தேடுவதினும் புலப்பாட்டு முறையில் தேடுவதே பொருத்தமுடையது.

மீளுருவாக்கத்தை ‘நேரடி நடிப்புப் படம்’ என வழங்குவது வழக்கமாயினும் அது துல்லியமன்று. தொடக்கத்தில் வரும் ஒரேயொரு காட்சித்துண்டு மட்டுமே ஒளிப்பதிவுக் கருவியால் எடுக்கப்பட்டது என இயக்குநரே தெரிவித்துள்ளார். எஞ்சியவை கணினியில் உருவானவை. கோல்டன் குளோப் விருதுக்கு இப்படம் அசைவூட்டப் பிரிவிலேயே பரிந்துரைக்கப்பட்டது. எனவே இங்கு ஒப்பிடப்படுவன இருவகை அசைவூட்டங்களே.

முகமும் மெய்ப்பாடும்

உள்ளத்து நிகழும் உணர்வு உடலின்வழிக் காண்போர்க்குப் புலனாவது மெய்ப்பாடு. பொருளதிகாரத்தின் ஆறாம் இயல் இதற்கெனவே அமைந்தது. 1994ஆம் ஆண்டுப் படத்தின் ஓவியர்கள் உயிருள்ள சிங்கங்களைப் பார்த்து வரைந்து பயின்றவர்கள். ஆயினும் அவ்வியற்கையோடு நில்லாது, சிங்கத்திற்கு இல்லாத புருவத்தையும் மனிதச் சாயல் கொண்ட வாயோரங்களையும் படைத்தனர். பாறை விளிம்பில் தொங்கும் முஃபாசாவின் கண்கள் விரியும்போது, தம்பியின் வஞ்சகத்தை அவன் உணர்ந்துகொண்டது அச்சமாகவும் மருட்கையாகவும் ஒருசேர வெளிப்படுகிறது. தந்தையின் உடலருகே சிம்பா சிந்தும் கண்ணீர் அழுகை என்னும் மெய்ப்பாட்டின் நேரடி வடிவம்.

மீளுருவாக்கத்தில் முகங்கள் இயற்கைச் சிங்கத்தின் தசையசைவுக்குள் நின்றுவிடுகின்றன. உணர்வைச் சுமக்கும் பொறுப்பு குரலுக்கும் இசைக்கும் பெயர்கிறது. முஃபாசாவுக்கு இரு படங்களிலும் குரல் கொடுத்தவர் ஜேம்ஸ் ஏர்ல் ஜோன்ஸ் என்பது இங்குக் கருதத்தக்கது. குரல் ஒன்றாகவே இருந்தும் காட்சியின் அழுத்தம் வேறுபடுமாயின், அவ்வேறுபாட்டிற்கு முகமே முதன்மைக் காரணமாதல் வேண்டும்.

விலங்கு மனிதரைப்போல் முகம் காட்டுவது இயற்கைக்கு மாறானது என மறுப்புரைக்கலாம். ஆனால் அவ்விலங்குகள் பேசுகின்றன, பாடுகின்றன. பேச்சை ஏற்று முகபாவத்தை மறுப்பது இயற்கைநெறி ஆகாது. அது பாதி மரபை மட்டும் கைக்கொள்வதாகும்.

ஸ்காரின் பாடல் காட்சியிலும் இதனைக் காணலாம். மூலப்படத்தில் பச்சை ஒளியும், அணிவகுத்துச் செல்லும் கழுதைப்புலிகளும் கொடுங்கோன்மையைக் கண்முன் நிறுத்துகின்றன. மீளுருவாக்கத்தில் அப்பாடல் சுருங்கி, பேச்சுக்கு அணுக்கமாக ஒலிக்கிறது.

கருப்பொருளின் வெற்றி

மீளுருவாக்கம் முற்றிலும் தோற்றது எனல் நேர்மையாகாது. சிம்பாவின் பிடரிமயிர்க் கற்றையொன்று காற்று, நீர், ஒட்டகச்சிவிங்கி, சாணவண்டு எனப் பல கை மாறி ரஃபிகியை அடையும் காட்சி அதன் சிறந்த பகுதி. உயிர்ச்சுழற்சி என்னும் கருத்தைச் சொல்லின்றியே அது விளக்குகிறது. இங்கு எந்த முகமும் உணர்வு காட்டவேண்டிய தேவை இல்லை. நிலமும் உயிரினங்களுமே பேசுகின்றன. தமிழ்த் திணைமரபின் சொற்களில் கூறின், முதற்பொருளும் கருப்பொருளும் இப்படத்தில் செழித்துள்ளன, உரிப்பொருளே மெலிந்துள்ளது.

இதே இயக்குநரின் ‘ஜங்கிள் புக்’ (2016) இம்முடிவுக்கு அரண் செய்கிறது. அங்கும் காடும் விலங்குகளும் கணினியில் உருவானவையே. எனினும் மௌக்லியாக நடித்த நீல் சேத்தி என்னும் சிறுவனின் முகம் நடுவில் உள்ளது. அச்சமும் உவகையும் அம்முகத்தில் தோன்றுவதால், சுற்றியுள்ள விலங்குகளின் அடங்கிய முகங்கள் குறையாகத் தெரிவதில்லை. ‘லயன் கிங்’ படத்தில் அத்தகைய மனித முகம் ஒன்றுமில்லை.

முடிவுரை

தோற்ற மெய்ம்மையும் மெய்ப்பாடும் வெவ்வேறானவை. முன்னது மிகுவதால் பின்னது மிகும் என்னும் நியதி இல்லை. கையால் வரையப்பட்ட படத்தை, ‘உண்மையான’ படத்திற்கான முன்வரைவாகக் கருதும் போக்கே இத்தகைய மீளுருவாக்கங்களின் அடிப்படைப் பிழை. கோட்டோவியத்தின் மிகைப்படுத்தல் ஒரு குறைபாடன்று. உள்ளத்தை உடலில் காட்டுவதற்கு அக்கலை கண்ட வழி அது. அதனை நீக்கிவிட்டு உரோமத்தின் ஒவ்வோர் இழையையும் துல்லியமாக்கும்போது, சிங்கம் மெய்யாகிறது, சிம்பா மறைந்துவிடுகிறான்.