டெபியனின் தாமதம் லாபமா, நட்டமா?

டெபியன் லினக்ஸின் நிலைத்த வெளியீடான ஸ்டேபிள் மீது எப்போதும் உள்ள புகார், அதில் எல்லாமே பழசு என்பது. உண்மைதான். ஏறத்தாழ இரண்டாண்டுக்கு ஒரு வெளியீடு: 2023 ஜூனில் 12, 2025 ஆகஸ்டில் 13. இடைப்பட்ட காலத்தில் பெரும்பாலான மென்பொருள்களின் பதிப்பு எண் அசையாது. பாதுகாப்பு ஓட்டை தெரியவந்தால், அதற்கான திருத்தத்தை மட்டும் எடுத்துப் பழைய மூலநிரலில் பொருத்துவார்கள்.

இந்தப் பிடிவாதத்தை நியாயப்படுத்த 2024 மார்ச் 29-ஐக் காட்டுகிறார்கள். எக்ஸ்இசட் சுருக்க மென்பொருளின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் யாரோ கள்ளக்கதவு வைத்திருந்தது அன்று வெளியானது. டெபியனின் சோதனைக் கிளைகளில் அது ஏறிவிட்டிருந்தது, ஸ்டேபிளில் ஏறவில்லை. ஆனால் ஸ்டேபிள் தப்பியது யாரும் ஆராய்ந்து தடுத்ததால் அல்ல, பின்தங்கியிருந்ததால். கண்டுபிடித்த ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் அப்போது வேலை செய்துகொண்டிருந்தது, புதிய பதிப்புகள் முதலில் வந்துசேரும் அன்ஸ்டேபிள் கிளையில். தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச்சில் உள்நுழைவு அரை நொடி கூடுதலாக இழுக்கிறதே என்று அவர் நோண்டிப் பார்த்தார். எல்லோரும் ஸ்டேபிளிலேயே இருந்திருந்தால், அந்தக் கள்ளக்கதவு சத்தமில்லாமல் அடுத்த ஸ்டேபிளுக்கே வந்து சேர்ந்திருக்கலாம். புதியதை ஓட்டுகிறவர்களின் அவஸ்தையில்தான் ஸ்டேபிள் நிம்மதியாக இருக்கிறது.

மறுபக்கக் கணக்கும் உண்டு. 2006இல் ஒரு சோதனைக் கருவி காட்டிய எச்சரிக்கையை அடக்க, டெபியன் தரப்பில் ஓபன்எஸ்எஸ்எல் என்ற குறியாக்க நூலகத்தின் நிரலில் கைவைத்தார்கள். விளைவு, சாவி உருவாக்கத்தில் எதேச்சையாக மாறுவதாக மிஞ்சியது ப்ராசஸ் எண் மட்டுமே. ஒவ்வொரு வகைச் சாவிக்கும் சுமார் 32,000 சாத்தியங்கள்தான். வரிசையாக முயன்றால் சிக்கிவிடும். அந்த நிரல் 2007இல் ஸ்டேபிளுக்குள் போய், 2008 மே வரை அங்கேயே இருந்தது. அதற்கு முந்தைய ஸ்டேபிளில் இந்தக் கோளாறு கிடையாது! உறையவைத்தால் நல்லதோடு கெட்டதும் உறைந்துபோகும். பிறர் எழுதிய நிரலில் ஒட்டுப்போடும் கை எவ்வளவு திறமையானதானாலும் ஆபத்துதான்.

பிரவுசர் விஷயத்தில் டெபியனே தன் விதியைத் தளர்த்திவிட்டது. ஸ்டேபிளிலும் குரோமியம் புதுப் பதிப்புக்கு மாறிக்கொண்டே இருக்கிறது. ஃபயர்ஃபாக்ஸில் நீண்டகால ஆதரவுப் பதிப்பு வருகிறது. அவற்றின் வேகத்துக்குப் பழைய நிரலில் ஒட்டுப்போட்டு மாளாது.

ஆகவே என் தீர்ப்பு: கர்னல், சி நூலகம், எஸ்எஸ்எச் போன்ற அடித்தளத்துக்கு டெபியனின் தாமதம் சரி, சர்வர் நடத்துகிறவர் தயங்காமல் ஸ்டேபிளை எடுக்கலாம். மேலே ஓடும் செயலிகளுக்கும் அதே தாமதத்தை விதிப்பது வெறும் பழக்கம். அவற்றை, ஸ்டேபிளுக்காகப் புதிய பதிப்புகளைத் தரும் பேக்போர்ட்ஸிலிருந்தோ, செயலிகளைத் தனிப் பொதிகளாகத் தரும் ஃபிளாட்பேக்கிலிருந்தோ எடுத்துக்கொள்வதே மேல்.