கிணற்று நீரும் பூமியதிர்ச்சியும்

பூமி அதிருமுன் கிணற்று நீரின் குணம் மாறும் என்னும் நம்பிக்கை பல நாடுகளில் உண்டு. அதற்கு இரசாயனவியற் சான்று தேடிய ஆராய்ச்சிகளுள் இரண்டினை ஈண்டு எடுத்து, அவை வன்னி நிலத்துக்கு எவ்வளவு பொருந்தும் என நோக்குவாம்.

1995 சனவரி 17இல் யப்பானின் கோபே நகரை அழித்த அதிர்ச்சியில் ஆறாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். அதன்பின் சுனோகாய், வகித்தா என்னும் அறிஞர் இருவர், அதிர்ச்சி மையத்துக்கு அண்மையிலிருந்த கிணறுகளில் எடுத்துப் போத்தலில் அடைத்து விற்கப்பட்ட நீரைக் காலமுறைப்படி சோதித்தனர். 1994 ஓகத்து முதலாகவே குளோரைட்டும் சல்பேற்றும் ஏறிவந்தமை புலனாயிற்று. விற்பனைப் போத்தல்களையே வரலாற்றேடாகக் கொண்ட அவர்தம் நுண்மதி போற்றற்குரியது. ஆயினும், அதிர்ச்சி நிகழ்ந்தபின் தேடிப்பெற்ற சான்று அது. ஒரு நிகழ்ச்சியையே ஆதாரமாக உடையது.

2014இல் வெளிவந்த ஐசுலாந்து ஆராய்ச்சி இக்குறையை ஓரளவு நீக்கிற்று. ஊசாவிக் என்னுமிடத்துத் தரைக்கீழ் நீரை 2008 தொடக்கம் ஒழுங்காகச் சோதித்துவந்தமையால், 2012இலும் 2013இலும் நிகழ்ந்த இரு அதிர்ச்சிகளுக்குச் சில மாதங்கள் முன்னரே சோடியமும் கல்சியமும் மாறியமை தெரிந்தது. அமுக்கத்தால் பாறையில் வெடிப்புண்டாகி வெவ்வேறு நீர்கள் கலத்தலே காரணம் என்பர். கொள்கை ஏற்புடைத்தே, எனினும் இரு நிகழ்ச்சிகள் விதியாகா. நீர் மாறியும் பூமி அதிராத இடங்கள் எத்தனை என்னும் வினாவே இதற்கு உரைகல்.

இனி வன்னியை நோக்குவாம். யப்பானும் ஐசுலாந்தும் புவித்தட்டுகளின் விளிம்பில் உள்ளன. இலங்கையோ விளிம்புக்குத் தொலைவில் உள்ளது. 2024 யூனில் வவுனியா, அநுராதபுரப் பகுதிகளில் உணரப்பட்ட அதிர்வு 2.3 அளவினதே. வவுனியாவின் தொன்மையான பாறைப் பிளவுகளில் தங்கும் நீரில் புளோரைட்டும் கடினத்தன்மையும் இயல்பாகவே மிகுதியாம். மாரியும் கோடையும் அந்நீரின் உப்பை ஆண்டுதோறும் ஏற்றியிறக்கும். 2004 திசெம்பர் 26இல் முல்லைத்தீவுக் கரையோரக் கிணறுகள் உவராயின. சுமாத்திராவின் அதிர்ச்சியே அதற்கு மூலம் எனினும், அவ்வுப்பு அதிர்ச்சிக்குப்பின் கடல் கொணர்ந்தது. அதனை முன்னறிகுறி எனல் பொருந்தாது.

ஆகவே, ஒரு கோடையிற் கிணறு கரித்தது கண்டு அச்சம் விதைத்தல் ஆராய்ச்சி ஆகாது. இவ்விரு ஆராய்ச்சிகளிடமிருந்தும் நாம் கொள்ளத்தக்கது அவற்றின் முறையே. ஒரே கிணற்றை மாதந்தோறும் பல்லாண்டு சோதித்துப் பதிதல் மாணவராலும் இயல்வதொன்று. அப்பதிவு அதிர்ச்சியை அறிவிக்கத் தவறினும், சிறுநீரக நோய்க்கு அஞ்சி வாழும் வவுனியாக் கிராமத்தவர்க்குத் தாம் பருகும் நீரின் தன்மையை அறிவிக்கும். அவ்வொரு பயனுக்காகவே அப்பணியை இன்றே தொடங்கலாம்.